மருந்துக்கடைக் கஞ்சா

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், இறால் குழம்புச் சட்டிக்கும் பால் பெட்டிக்கும் நடுவே கஞ்சா இருக்கிறது. ஒளித்து வைக்கவில்லை. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த மருந்து அது, வாய்க்குள் விசிறுவது. பெட்டியின் மேல் என் மனைவி சிவயோகத்தின் முழுப் பெயரையும் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். மருந்துக்கடைப் பெண் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, இருமல் பாணி கொடுப்பதுபோல் அதை எடுத்து நீட்டினாள். ஊரில் இருப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். இங்கே இருக்கிற எங்கள் ஆட்களுக்கும் இது எந்த வழியால் கிடைக்கும் என்று தெரியாது. நான் தேடி அறிந்தவன், சொல்கிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நோர்வேயின் வடக்கே மீன் வெட்டத் தொடங்கி, இன்று ஒஸ்லோவில் சொந்தத் துப்புரவுக் கொம்பனி நடத்துகிறேன். நகரத்துப் பெரிய கட்டடங்களின் கண்ணாடியில் நீங்கள் முகம் பார்த்திருந்தால், அநேகமாக அதை என் ஆட்கள்தான் துடைத்திருப்பார்கள். இந்த நாட்டு மொழியையும் எவரும் எனக்குப் படிப்பித்துத் தரவில்லை, காதால் பிடித்தேன். எதற்கும் அசையாத நான் சிவயோகத்தின் கால்களிடம்தான் தோற்றேன். அவளுக்கு எம்.எஸ். என்ற நரம்பு வருத்தம். கால்கள் மரக்கட்டைபோல் இறுகிவிடும். குளிர் நாட்டவர்களுக்குத்தான் இது அதிகம் வருவது என்று வைத்தியர் சொன்ன அன்று, "கடவுச்சீட்டு தந்தது காணாதெண்டு வருத்தத்தையும் தந்திட்டாங்கள்" என்றாள்.

போன மாரிக் குளிரில், கால் இறுக்கத்துக்கு விழுங்கிய குளிசைகள் கேட்காமல் போயின. காருக்குள் ஏற முழங்கால் மடங்கவில்லை. ஊரில், கோண்டாவிலில் அவளுடைய தங்கையின் மகளுக்கு ஆடிக்கு முதல் கலியாணம் என்று நாள் வைத்திருந்தார்கள். "தள்ளுவண்டில்லை போய் இறங்க மாட்டன். நடந்துதான் போவன்" என்று சக்கர நாற்காலியை மறுத்துவிட்டாள். அப்போதுதான் வானொலியில் இந்த மருந்தைப் பற்றிக் கேட்டேன். அடுத்த நாளே எங்கள் ஃபாஸ்ட்லேகெயிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம் போனேன்.

"எழுதித் தாருங்கள், பொறுப்பு நான்" என்றேன். ஊரில் இந்தச் சொல்லுக்குத் திறக்காத கதவு இல்லை. அவர் சிரித்துவிட்டு, "இல்லை, பொறுப்பு எழுதுகிறவருக்குத்தான்" என்றார். பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். போதை தரும் பகுதி மிக மிகக் குறைவாக உள்ளதைத்தான் குடும்ப வைத்தியர் எழுதலாம். அதற்கு மேலே போனால் ஆசுப்பத்திரி நிபுணரின் கையெழுத்து வேண்டும். எம்.எஸ். இறுக்கத்துக்கென்று அனுமதி பெற்ற வாய் மருந்து ஒன்று உண்டு, ஆனால் மற்றக் குளிசைகள் பலன் தரவில்லை என்று தெரிந்த பிறகுதான் அதைக் கொடுப்பார்கள். பூவாகவோ எண்ணெயாகவோ வேண்டுமென்றால் நிபுணர் காரணம் காட்டி, அந்த நோயாளிக்கென்றே மருந்து அதிகாரிகளிடம் தனி அனுமதி கேட்க வேண்டும். வருத்தம் என்று சொல்லித் தெருவில் வாங்கிப் புகைத்தால் அது குற்றம்தான். எனக்கு இதெல்லாம் புதினமாக இருந்தது. ஒரே செடிக்கு இத்தனை வாசல்கள்!

நான் அறிந்த கஞ்சா வேறு. எங்கள் ஊரில் மடத்தடியில் கண் சிவந்து குந்தியிருப்பவர்களைக் கடக்கும்போது அம்மா என் கையை இறுக்கிப் பிடிப்பா. அதேவேளை பரியாரியாரின் லேகியத்திலும் அது சேருகிறதென்று சனம் இரகசியமாகக் கதைக்கும். அந்த லேகியத்தைச் சாப்பிட்டு நன்றாக நித்திரை கொண்ட பெரியவர்கள்தான் மடத்தடி ஆட்களைத் திட்டியவர்களும். அப்போது இது எனக்கு விளங்கவில்லை.

நிபுணரைச் சந்திக்க நாள் கிடைத்தது. அன்று சிவயோகம் பட்டுச் சீலை உடுத்து, அட்டியல் போட்டு, காலைக்கும் மத்தியானத்துக்குமான குளிசைகளை ஒன்றாக விழுங்கிவிட்டு வந்தாள். நானும் கோட்டு சூட்டுத்தான். நிபுணர் என் மகள் வயதுப் பெண். மொழிபெயர்க்க நான் இருக்கிறேன் என்றேன். குடும்பத்தவர் மொழிபெயர்ப்பது வழக்கமில்லை என்று சொல்லி, தொலைபேசியில் ஒரு தமிழ்ப் பிள்ளையை எடுத்தாள். நடந்து காட்டச் சொன்னதும் சிவயோகம் பல்லைக் கடித்துக்கொண்டு கோவில் வீதி சுற்றுவதுபோல் நடந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, அந்தப் பிள்ளை வாய் திறக்க முதலே, தனக்குத் தெரிந்த நோர்வேஜியச் சொல்லால் "ப்ரா, ப்ரா" என்றாள். நல்லம், நல்லம். அப்படியானால் இப்போதைய குளிசையே போதும் என்று நிபுணர் எங்களை வாழ்த்தி அனுப்பினாள்.

காரில் எனக்குப் பொறுக்கவில்லை. "உமக்கு விசரே? நோவைச் சொல்லத்தானே போனனாங்கள்?"

"முன்னப்பின்னத் தெரியாத பிள்ளைக்கு முன்னாலை அழுது வடியச் சொல்லுறியளோ? நீங்கள் மட்டும் என்ன, 'என்ரை கொம்பனி, என்ரை கொம்பனி' எண்டுதானே கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்."

பெரிய மனிதர் முன்னால் நன்றாகத் தெரிய வேண்டும் என்பது எங்கள் வளர்ப்பு. ஊர் வைத்தியர் வீட்டு நிலைமை அறிந்தவர், பட்டுச் சீலைக்குள்ளும் வருத்தத்தைக் கண்டுபிடிப்பார். இங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். மறுமுறை நாள் எடுத்தபோது, வீட்டுச் சட்டையோடு, வழக்கமான குளிசையோடு அவளைக் கூட்டிப்போனேன். முழங்காலை மடக்கப் பார்த்த நிபுணரின் முகம் மாறியது. இரவில் என்ன செய்கிறது என்று மெல்லக் கேட்டாள். சிவயோகம் சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கே தெரியாத நோவுகள் சில அதில் இருந்தன.

கடைசியில் நிபுணர், "வாகனம் ஓட்டுவீர்களா?" என்று கேட்டாள்.

"அவருக்குப் பக்கத்திலை இருந்து நான்தான் ஓட்டுறனான்" என்றாள் சிவயோகம். தொலைபேசிப் பிள்ளை அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டது. நிபுணர் பதறிப்போய், இந்த மருந்தோடு ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று நெடுநேரம் விளங்கப்படுத்தினாள். அவள் சொல்லச் சொல்ல வண்டியை ஓட்டுகிறவன் நான்தான் என்று பிறகு விளக்க வேண்டியிருந்தது.

அந்த வாய் மருந்தை எழுதித் தந்து, நான்கு கிழமை பரீட்சை, குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்றார்கள். தலை சுற்றும், வாய் காயும் என்றும் எச்சரித்தார்கள். இரண்டும் நடந்தன. ஆனால் ஒரு காலையில் குசினிக்குள் செருப்புச் சத்தம் கேட்டு எழும்பினேன். அவள் ஒன்றையும் பிடிக்காமல் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

உடனே விமானச் சீட்டுப் பார்க்கத் தொடங்கினேன். மருந்துக்கடைப் பெண்தான் தடுத்தாள். ஷெங்கன் நாடுகள் என்றால் இதைக் கொண்டுபோக ஒரு சான்றிதழ் இருக்கிறது, இலங்கைக்கு அது செல்லாது, அந்நாட்டின் எழுத்து அனுமதி இல்லாமல் கொண்டுபோக வேண்டாம் என்றாள். அதை எங்கே, எப்படிக் கேட்பது என்று விசாரித்தோம். கலியாணத்துக்குள் முடிகிற காரியமாகத் தெரியவில்லை.

"கட்டுநாயக்கா எயார்போட்டிலை எனக்கு ஆளிருக்கு" என்று சொல்லிப் பார்த்தேன்.

"கிழமைக்குக் கிழமை கேரளக் கஞ்சா பிடிபட்டதெண்டு செய்தி வருகுது. 'நோர்வேக் கஞ்சாவோடை கிழவி கைது' எண்டு நானும் வரோணுமே?"

"அப்ப மருந்தை விட்டிட்டுப் போவம்."

"அதை விட்டா வண்டில்தானே? நான் முதலே சொல்லிப்போட்டன்."

விமானச் சீட்டுப் பார்த்த கணினியை மூடினேன்.

கலியாணத்தன்று இங்கே விடியற்காலை. கோண்டாவில் மண்டபத்தைப் பெரிய தொலைக்காட்சியில் நேரலையாக எடுத்துவிட்டேன். கெட்டிமேளம் தொடங்கியதும் சிவயோகம் என் கையைத் தட்டிவிட்டுத் தானாக எழுந்து நின்றாள். மஞ்சள் அரிசியைக் கைநிறைய அள்ளி வீசினாள். அங்கே மணப்பெண்ணின் தலையில் யார் யாரோ போட்ட பூவும் அரிசியும் விழுந்தன. இவளுடைய அரிசி திரையில் பட்டு, எங்கள் ஒஸ்லோ வீட்டுக் கம்பளத்தில், அவள் அசையாமல் ஊன்றி நின்ற இரண்டு கால்களையும் சுற்றிச் சிதறியது.