நடுக்கடலில் நின்ற வள்ளம்

கொழும்பில் வேலை செய்த அண்ணையும் ஊர்காவற்றுறையில் இருந்த நானும் சேர்ந்து ஒரு கொம்பியூட்டர் விளையாட்டு எழுதினோம். திரையில் ஒரு வள்ளம் கடலைக் கடக்க வேண்டும். ஆளுக்காள் திருத்தி, பிளொப்பியைப் பார்சலில் அனுப்புவோம்.

அண்ணை கொழும்பில் இறந்தபோது சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. செத்தவீட்டுக்குக்கூடப் போக முடியவில்லை. பிறகு கப்பலில் வந்த யாரோ கொண்டுவந்து தந்த அவருடைய பெட்டிக்குள் கடைசிப் பிளொப்பி இருந்தது.

நான் படித்த கொம்பியூட்டர் வகுப்பிலிருந்த மெசினில் போட்டேன். அவர் எழுதிய வரிகள் எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன.

"என்ன மச்சான், உன்ர அண்ணர் இறங்காமல் ஒரே வரியிலயே நிண்டு எழுதினவரோ?" என்று சிநேகிதன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "அவர் கடைசியாப் பாவிச்ச மெசின் வேற மாதிரிப் போலயடா. வரி முடிஞ்சால் அது ஒரு அடையாளம்தான் போடும். எங்கடைக்கு ரெண்டு வேணும்."

பிரதியெடுத்து, ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டாவது அடையாளத்தைச் சேர்த்தோம். வள்ளம் புறப்பட்டது. நடுக்கடலில் நின்றுவிட்டது; அண்ணை திருத்தி முடித்தது அதுவரைதான். என்னிடமிருந்த பழைய பிரதியில் அது கரை சேரும். ஆனால் அதில் அண்ணை கடைசியாக எழுதியது எதுவும் இல்லை.

"உன்ர வரியளை இதுக்குள்ள போடன். ஓடும்" என்றான் சிநேகிதன்.

"ஏலாது. பிறகு எது அண்ணையின்ர, எது என்ர எண்டு தெரியாமல் போயிடும்."

பாதை திறக்கவில்லை. கரண்ட் வரும் நாட்களில் வகுப்புக்குப் போய் அதை ஓடவிடுவேன். வள்ளம் நடுக்கடலில் நிற்கும். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு நிற்பாட்டுவேன்.