கிள்ளானில் காலியாக இருந்த நாற்காலி

1. பச்சைத் திரை

"சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு அக்கா. இங்க எல்லாம் பச்சையா காட்டுது."

இருபது வருட வேலையில் நான் வாபஸ் வாங்க ஆசைப்படும் பதில் இதுதான்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகம். டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து சென்டருக்கு ஏற்றிப்போகும் வேன்களுக்கான புக்கிங் சிஸ்டம் எங்களுடையது. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று கண்காணிப்பது என் பொறுப்பு. சர்வரின் வேகம், எரர் எண்ணிக்கை எல்லாம் சுவரில் இருக்கும் பெரிய திரையில் ஓடும். ஏதாவது கெட்டால் திரை சிவக்கும், என் போன் அலறும்.

முன்பெல்லாம் அது ஒன்றுமில்லாததற்கும் அலறியது. சாப்பிட உட்கார்ந்தால் அலறும், கோயிலில் நின்றால் அலறும். "இத கொஞ்சம் அடக்குங்க லா, எல்லாருக்கும் தலைவலி" என்றார் பாஸ். அடக்கினேன். எல்லா சென்டரையும் சேர்த்து எரர் கூடினால் மட்டும் அலாரம் என்று மாற்றினேன். நிம்மதியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

2. புதன், வெள்ளி

ஒரு திங்கட்கிழமை மதியம் எங்கள் புக்கிங் ஆப்பின் புது வெர்ஷனை வெளியிட்டோம். செவ்வாய் முழுக்கப் பச்சை. பாஸ் எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார்.

புதன் காலை கிள்ளான் சென்டரின் தலைமை நர்ஸ் சரோஜா அக்கா கூப்பிட்டார். மூன்று நோயாளிகள் வரவில்லை, வேன் டிரைவரின் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை என்றார். நான் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தப் பதிலைச் சொன்னேன்.

"பச்சையாவே இருக்கட்டும்மா. இங்க மூணு நாற்காலி காலியா இருக்கு."

புக் செய்ய மறந்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டேன். அவரே போன் போட்டு, இரண்டு பேரைப் பிள்ளைகளின் காரில் வரவழைத்திருக்கிறார். மூன்றாமவர், தனியாக வசிக்கும் மணியம் அங்கிளின் போன் மட்டும் ஆஃப்.

வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட்டார். மணியம் அங்கிள் மூச்சுவிட முடியாமல் கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து மருத்துவமனையில் சேர்த்திருந்தார். டயாலிசிஸ் தவறியதால் நுரையீரலில் நீர்.

3. வராத கோரிக்கை

அதன் பிறகுதான் கிள்ளானை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். மற்ற சென்டர்களில் கவுண்டர் ஊழியர்கள் புக் செய்வார்கள். கிள்ளானில் நோயாளிகளே தங்கள் போனில் செய்வார்கள். புது வெர்ஷன் பழைய போன்களில் வேலை செய்யவில்லை. பட்டனை அமுக்கினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் சர்வருக்கு அந்தக் கோரிக்கையே வந்து சேராது. வந்து சேராததற்கு எரர் ஏது? எங்கள் திரையைப் பொறுத்தவரை அந்த மூன்று பேர் இல்லவே இல்லை.

அன்றே பழைய வெர்ஷனுக்குத் திரும்பினோம். அடுத்த வாரம் வார்டுக்குப் போய் மணியம் அங்கிளைப் பார்த்தேன்.

"நல்லா அமுக்கித்தான்மா பார்த்தேன். என் போன்தான் கெட்டுப்போச்சுன்னு ஆஃப் பண்ணி வச்சிட்டேன்" என்றார். பிறகு, "இதனால உங்க வேலைக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டார்.



புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சர்வரின் நலம் வேறு, அதை நம்பி இருப்பவரின் நலம் வேறு. எத்தனை கோரிக்கை தோற்றது என்று எண்ணுவதற்கு முன், வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்தார்களா என்று எண்ணுங்கள்.

இப்போது எங்கள் திரையில் முதல் எண், ஒவ்வொரு சென்டரிலும் நிரம்பிய நாற்காலிகள். நர்ஸுகள் எண்ணி அனுப்புகிறார்கள், நான் கையால் பதிகிறேன். ஒன்று குறைந்தாலும் அலாரம். பெரும்பாலும் வீண் அலறல்தான். யாராவது ஈப்போவில் கல்யாணத்துக்குப் போயிருப்பார்கள். அலுத்துப்போகிறது. பாஸ் மறுபடி அடக்கச் சொல்கிறார். நான் கேட்பதாக இல்லை.

நேற்றும் அலறியது. மணியம் அங்கிளின் நாற்காலி. போன் போட்டேன். வேன் ஜாமில் நிற்கிறது, வந்துகொண்டிருக்கிறேன் என்றார். அவர் வந்து உட்கார்ந்துவிட்டதாக சரோஜா அக்கா சொல்லும்வரை, திரையைச் சிவப்பாகவே விட்டுவைத்தேன்.