தம்பி படிச்ச வகுப்பெல்லாம் செல்லும்!

இன்னைக்கு ஜெயிச்சுட்டோம்! எங்க ஊர் லாபிஸுக்கு ரயிலேறி உட்கார்ந்ததும் முதல் வேலையா உங்களுக்குத்தான் சொல்றேன்.

என் தம்பி அந்தோணியை ஜொகூர் பாருவில இருக்கிற ராணுவ விடுதிப் பள்ளியில சேர்க்கப் போயிருந்தேன். அங்க தலைமையாசிரியர் ஒரு மலாய்க்கார கேப்டன்.

“ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில படிச்சதெல்லாம் இங்க கணக்கில வராது. ரெண்டு வகுப்பு கீழே உட்காரட்டும்”னு மலாயில சொன்னார்.

கீழே உட்கார்ந்தா, படிப்பு முடியறதுக்குள்ள அவனுக்கு வயசு தாண்டிடும், வெளியே அனுப்பிடுவாங்க. அதுவுமில்லாம, அந்தத் தோட்டத்துப் பள்ளியில பாடம் நடத்தறவளே நான்தான்!

“துவான், ஐயா, மதியம் வரைக்கும் அவனை மேல் வகுப்புலயே உட்கார வைங்க. தடுமாறினா நானே கூட்டிட்டுப் போயிடறேன்”னேன்.

கேப்டன் ஒத்துக்கிட்டார். நான் அந்த வகுப்பு ஜன்னலையே பார்த்துக்கிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

மதிய மணி அடிச்சதும் கணக்கு வாத்தியாரே கேப்டன்கிட்ட வந்தார். “இந்தப் பையன் இங்கயே இருக்கட்டும். பலகையில போட்ட கணக்கை முதல்ல முடிச்சதும் இவன்தான், பக்கத்துப் பையனுக்குப் புரிய வச்சதும் இவன்தான்.”

கேப்டன் என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டார். “சரி, படிச்ச வகுப்பெல்லாம் செல்லும். ஆனா அணிவகுப்பு மட்டும் அடியிலிருந்துதான்.”

நான் கிளம்பும்போது, மேல் வகுப்புக்காரத் தம்பி மைதானத்துல பொடியன்களோட வரிசையில நடந்துகிட்டிருந்தான். எல்லாரும் இடது பக்கம் திரும்பினாங்க. இவன் மட்டும் வலது.

அலமாக், அடக் கடவுளே, இதை நான் எந்தப் பாடத்துல நடத்தியிருக்கணும், நீங்களே சொல்லுங்க?