மஞ்சள் பூசிய எல்லைக் கல்

என் கணவருக்குத் தான் பெரிய மூளைக்காரர் என்று ஒரு நினைப்பு. கோத்தா கோலா மூடாவில் மளிகைக் கடை வைத்திருந்தார். தாலிக்கொடியைத் தவிர என் நகையெல்லாம் விற்று, எஸ்டேட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் ரப்பர் பால்மரம் வாங்கினார். எங்களுக்கென்று இருந்த மண் அது ஒன்றுதான்.

ஜப்பான்காரன் வந்ததும் பால் வாங்க ஆளில்லை. அரிசியும் இல்லை. எஸ்டேட் ஆட்கள் கண்ட இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டார்கள். எல்லைக் கற்களைப் பிடுங்கி அடுப்புக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பக்கம் இருந்த எங்கள் மூலைக் கல் ஒன்றுதான் மிச்சம். அதுவும் போய்விடுமோ என்று பயந்து, ஒருநாள் விடியற்காலையில் என் கணவர் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றிவிட்டு வந்தார்.

“இனிமே ஒரு பய தொடமாட்டான்,” என்றார்.

தொடவில்லைதான். கும்பிட்டார்கள். முதலில் விளக்கு, பிறகு களிமண் மேடை, அப்புறம் அத்தாப்பு ஓலைக் கூரை. யார் பிள்ளைக்கோ காய்ச்சல் இறங்கியது என்று கதை வேறு. எல்லைக்கு அந்தப் பக்கம் மரவள்ளி போட்டிருந்தவனே பூசாரி ஆனான். கூட்டம் நிற்க இடம் வேண்டுமென்று எங்கள் மரங்களை வெட்டினான். வெட்டின இடத்தில் மரவள்ளியும் நட்டான். என் கணவர் கேட்கப் போனார்.

“சாமி நெலத்துல என்னண்ணே கணக்கு பாக்குறீங்க?” என்றான்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. எல்லைக் கல்லைக் காட்டினால் நிலம் உனக்கு. காட்ட முடியாவிட்டால் அதில் பயிர் வைத்தவனுக்கு. பழைய கிராண்டுப் பத்திரத்தை மட்டும் நீட்டினால் செல்லாது.

அலோர் ஸ்டாரிலிருந்து மலாய்க்கார சர்வேயர் ஒருவர் அளவுச் சங்கிலியோடு வந்தார். என் கணவர் கல் புதைந்திருந்த மேடையைக் காட்டினார். மண்ணைத் தட்டிவிட்டுக் கல்லில் வெட்டியிருக்கும் எண்ணைக் காட்டச் சொன்னார் சர்வேயர். கூட்டம் சுற்றி நின்றுகொண்டது.

“சாமி மேல கடப்பார வச்சா ஊரு தாங்காதுலா,” என்றாள் ஒருத்தி.

சர்வேயர் பொறுமையான மனிதர். இது கல்லா, சாமியா, நீயே சொல் என்று மலாயில் என் கணவரிடம் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கல் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் கூட்டத்தைப் பார்த்தார். அவர்கள் கையிலிருந்த பாராங்கத்திகளைப் பார்த்தார்.

“சாமிதான்,” என்றார்.

மரவள்ளி முடிந்த இடத்தில் புது முளை அடித்தார்கள். சதுப்போரம் நாலு வரிசை மரம்தான் எங்களுக்கு மிஞ்சியது. அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜைக்கும் போனார். போகாவிட்டால் சாமி என்று சொன்னது பொய்யோ என்று சந்தேகப்படுவார்களாம். நானும் பின்னாலேயே போனேன். பூசாரி கூட்டத்தை விலக்கி அவரை முன்னால் கூப்பிட்டான்.

“மொத விபூதி உங்களுக்குத்தான், அண்ணே,” என்று குரலைத் தாழ்த்தினான். “மஞ்ச பூசுனது நீங்கதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

என் கணவர் குனிந்து நெற்றியைக் காட்டினார். என் கையில் அவித்த மரவள்ளித் துண்டு ஒன்றைப் பிரசாதம் என்று வைத்தான். எங்கள் மண்ணில் விளைந்தது. தூக்கி அவன் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். காலையிலிருந்து பட்டினி. அங்கேயே நின்று தின்றேன்.