பெயர் தெரியாத மனிதனுக்காக 880 கிலோமீட்டர்

சென்ற சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு சிட்னி நார்த்மீட்டிலிருந்து காரில் கிளம்பினேன். மெல்பேர்ணில் ஒரு பல்கேரிய ஓவியரின் கண்காட்சி மறுநாளோடு முடிகிறது. அதில் என் நண்பரின் உருவப்படம் இருக்கிறது. மெல்பேர்ணிலேயே இருக்கும் அவரோ இன்னும் போய்ப் பார்க்கவில்லை. மாதக்கணக்காகச் சொல்கிறேன், "ஷிப்ட் இருக்கு அண்ணை" என்பதே பதில். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது போவதென்று முடிவெடுத்தேன்.

880 கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரம், பெட்ரோல் 120 டொலர். அவர் வேலைசெய்யும் கிடங்கு வாசலில் 2.30க்கு நின்றேன். மனிதர் 3.10க்கு ஆடி அசைந்து வந்து, பசிக்குது என்றார். கண்காட்சி ஐந்துக்கு மூடிவிடும். பாலத்தில் நெரிசல், நகரத்தில் பார்க்கிங் கிடைக்க நாய் படாத பாடு, அதற்கு 42 டொலர். உள்ளே நுழைய 4.25.

ஓவியரைப் பற்றிச் சொல்லவேண்டும். சிரிக்கும் தொழிலாளிகளை மட்டும் வரை என்ற அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் அரசோடு ஒத்துப்போக முடியாமல் எல்லை தாண்டி ஓடிவந்தவர். இங்கே தொழிற்சாலையில் கார்களுக்குப் பெயின்ற் அடித்துவிட்டு, பின்னேரங்களில் கராஜுக்குள் வரைந்தார். முகங்களை உடைத்துப் பச்சையும் மஞ்சளுமாக அடுக்குவார். அவருடைய கடைசி வருடங்களில் வீட்டைத் துப்புரவு செய்யப் போனவர்தான் நண்பர்.

இரண்டாவது அறையில் படம். கீழே அட்டையில் ‘பெயர் தெரியாத மனிதன்’. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீட்டில் வேலைசெய்தவனுக்குப் பெயரில்லையா? வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் ஒரு தாள் வாங்கி, அட்டையை மாற்றச் சொல்லி நண்பரின் முழுப்பெயர், ஊர், படகில் வந்தது எல்லாம் எழுதினேன்.

நண்பர் தாளின் மேல் கையை வைத்தார்.

"பேர் போடவேண்டாமெண்டு நான்தான் அவரிட்டச் சொன்னனான். விசா கேஸ் முடியேல்லை. ஊரில அம்மா இருக்கிறா."

"எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் எங்க கேட்டனீங்கள்? அந்தாளும் ஏனெண்டு கேக்கேல்லைதான். ஆனா ஓமெண்டு சொல்லி, ஒருத்தரும் அடையாளம் காணாத மாதிரி முகத்தையும் மாத்தினவர்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டேன். கண்காட்சி மூடும்வரை நண்பர் படத்தின் முன்னாலேயே நின்றார்.

நகரத்துக்குக் காரில் போகாதீர்கள், ரயிலில் போங்கள். வழக்கமாகப் பத்தியின் கடைசியில் முகவரியும் திறக்கும் நேரமும் போடுவேன். இந்தமுறை கலைக்கூடத்தின் பெயரும் இல்லை, ஓவியரின் பெயரும் இல்லை. தயவுசெய்து கேட்டு எழுதாதீர்கள். நண்பருடைய விசா வழக்கு அடுத்த மாதம் மறுபடி வருகிறது.