பால்கார சேதுபதியின் கித்தான் அரண்மனை

தாஜ்மகாலுக்கு அடுத்தபடியாக மனிதன் எழுப்பிய மாபெரும் கட்டடம் எங்கள் ஊர் காஜா பெராங்கில்தான் இருக்கிறது: பால்கார சேதுபதி அண்ணனின் வைக்கோல் கொட்டகை. உண்மையைச் சொன்னால் இதுதான் ஒரு படி மேல். தாஜ்மகாலைச் சுருட்டி மாட்டுவண்டியில் ஏற்ற முடியாது.

மெர்டேக்கா, அதாவது மலாய் நாட்டுச் சுதந்திரம், கிடைத்த மறு வருடம். வெள்ளைக்காரப் பட்டாளம் ஒரு முகாமைக் காலி செய்து, வேண்டாத சாமான்களை ஏலம் விட்டது. புத்தியுள்ளவர்கள் கட்டில், நாற்காலி என்று வாங்கிப்போனார்கள். சேதுபதி அண்ணன் கூடாரம் வாங்கினார். நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய பச்சைக் கித்தான் கூடாரம். கிழிசல்கள் இலவசம்.

அண்ணனின் சொத்து ஆறு மாடுகள், ஒரு சைக்கிள், நாலு ஆளுக்குப் பங்கு வைக்கக்கூடிய மீசை. அந்த முகாமுக்குப் பத்து வருடம் பால் ஊற்றியவர். மாடுகளை மலாய்க்காரர்களிடம் வாங்கியதால் மலாயில்தான் திட்டுவார். தமிழில் திட்டினால் அவற்றுக்கு உறைக்காதாம். மனைவி அஞ்சலை அக்காவை மட்டும் திட்டமாட்டார். அதற்கான துணிச்சல் அவருக்கு எந்த மொழியிலும் கிடையாது.

போன வருட மழையில் வெட்டவெளியில் கிடந்த வைக்கோல் போர் அழுகிப்போய், தீனியில்லாமல் இரண்டு மாடுகளை விற்கும்படி ஆயிற்று. அதற்காகத்தான் இந்தக் கூடாரம். அக்காவின் தம்பி தம்பிராஜா, ரப்பர் தோட்டத்துக் கங்காணி, அதைப் பார்க்கவென்றே வந்தார்.

"மச்சான், இந்தக் கோவணத்த நம்பியா வைக்கோல அடுக்கப் போறீங்க? நனைஞ்சிருச்சின்னா?"

"நனையாது."

"நனைஞ்சா?"

"நனைஞ்சா மாட்ட எல்லாம் வித்துட்டு, உன் தோட்டத்துல, உனக்குக் கீழ, கூலிக்கு ரப்பர்ப் பால்மரம் வெட்டுறேன். போதுமாடா?"

வாசலில் அஞ்சலை அக்கா நின்றுகொண்டிருந்தார். அக்கா காதில் விழுந்த வார்த்தையைத் திரும்ப வாங்க அண்ணனால் முடியாது.

வீட்டுக்குப் பின்னால், புக்கிட் காதில் என்ற ஊர்ப்பக்கம் போகிற பாதையோரத்து நிலத்தில் கொட்டகை எழும்பியது. எழும்பியது என்றால், இரண்டு தடவை விழுந்துவிட்டு எழும்பியது. அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றை இழுக்க, இரண்டாம் தடவை அண்ணனையும் சேர்த்து மூடிக்கொண்டது. கித்தானுக்கு அடியிலிருந்து மலாயில் வசவு கேட்டது. ஆகவே உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொண்டோம்.

ஒருவழியாக நின்றபிறகு பார்த்தால், வாசலுக்கு மேலே வெள்ளைச் சாயத்தில் இங்கிலீஷ் எழுத்துகள்.

"டேய் தேவதாஸ், நீதான் இங்கிலீஸ் ஸ்கூலுக்குப் போனவனாச்சே. என்னடா எழுதியிருக்கு?"

நான் பாதியில் நின்றுவிட்ட அந்தப் பள்ளி எனக்கு இரண்டு விஷயம் கற்றுக்கொடுத்திருந்தது: இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பது, பூட்ஸ் சப்பாத்துக்குக் கயிறு கட்டுவது. எழுத்துக்கூட்டினேன். 'ஆபீசர்கள் மட்டும்' என்றிருந்தது.

"இங்கிலாந்து மகாராஜா தங்கின கூடாரம்னு போட்டிருக்குண்ணே."

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். மறுநாள் காலை டவுனில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கடைகளுக்கெல்லாம் பாலோடு மகாராஜாவும் போய்ச் சேர்ந்தார். பிள்ளையார் கோயில் பக்கத்துக் காப்பிக்கடையில் நான் கேட்டபோது, மகாராஜா அண்ணன் கையால் பால் வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னொரு கிளாஸ்" என்று கேட்கும் அளவுக்கு நிலைமை முன்னேறியிருந்தது.

அண்ணனுக்குக் கயிற்றில் ஒரு கொள்கை இருந்தது. "கயிறுன்னா தட்டினா தபேலா மாதிரி பேசணும்டா!" முதல் தூறலில் தபேலா பேசியது. பருத்திக் கயிறு நனைந்து சுருங்கி, இரண்டு முளைகளைப் பிடுங்கி எறிந்தது. ஒன்று பப்பாளி மரத்தில் போய்க் குத்தி நின்றது. அண்ணன் உட்கார்ந்து யோசித்தார். யோசித்து, முளைகளை இன்னும் ஆழமாக அடித்து, கயிற்றை இன்னும் முறுக்கிக் கட்டினார்.

"அண்ணே, மழைக்கு முன்னாடி கயித்த கொஞ்சம் தளத்தி விடணும். எங்க வீட்டுத் துணிக்கொடியே நனைஞ்சா விறைச்சிக்கிட்டு..."

"போடா. என் சைக்கிள் மணியக் கழட்டி மாட்டுக் கழுத்துல கட்டினவன் நீ. உன் பேச்ச கேட்டு நான் கயித்த அவுக்கணுமா?"

நியாயமான கேள்வி. மாட்டுக்கு அந்த மணி எடுப்பாக இருந்தது என்பது வேறு விஷயம்.

பிறகு மழைக்காலம் நிஜமாகவே இறங்கியது. மத்தியானப் பாலை ஏற்றிக்கொண்டு அண்ணன் டவுனுக்குப் போவதற்காகவே வானம் காத்திருக்கும்; சைக்கிள் திருப்பத்தில் மறைந்ததும் கறுக்கும். தினமும் கொட்டியது. தினமும் கொட்டகை நின்றது. அந்த நேரத்தில் எனக்கு வேறு வேலைகள் இருந்ததால் விவரம் சரியாகத் தெரியாது. அண்ணன் தெப்பமாக நனைந்து வந்து கொட்டகையின் மூங்கில் காலைத் தட்டிப் பார்ப்பார்.

"பாத்தியாடா? கட்டின கை அப்படி!"

"ஒலகத்துலயே இல்லாத கைண்ணே."

ஒருநாள் வானமே பிய்ந்துகொண்டு வந்தது. பக்கத்து வீட்டுத் தகரக் கூரை பறந்தது. எங்கள் தென்னை ஒன்று சாய்ந்தது. மழை விட்டதும் முதல் ஆளாகத் தம்பிராஜா வந்து சேர்ந்தார். அக்காவுக்கு ஆறுதல் சொல்ல வந்தாராம். அண்ணனும் அப்போதுதான் டவுனிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். முகத்தில் மீசை மட்டும்தான் மிச்சமிருந்தது.

கொட்டகை நின்றுகொண்டிருந்தது.

தம்பிராஜா உள்ளே போய் வைக்கோலுக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். காய்ந்த வைக்கோல்தான் வந்தது. தும்மினார். டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அஞ்சலை அக்கா மாடு ஒன்றின் முதுகில் சாய்ந்துகொண்டு, சத்தமாகச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் வாசலோடு நின்றேன்.

"ஏன்டா தலையெல்லாம் ஈரம்?"

"குளிச்சேண்ணே."

"சட்டையோடயா?"

நான் பப்பாளி மரத்தைப் பார்த்தேன்.

"நான் இறுக்கிக் கட்டிட்டுப் போற கயிறெல்லாம் வந்து பாத்தா தளந்து கெடக்குது. மழை ஆரம்பிச்சதுலேர்ந்து எல்லா முளையிலயும் ரெண்டு காது வச்ச பூ முடிச்சு. நம்ம கம்பத்துல, இந்த ஊரு பூரா, சப்பாத்துக் கயிறு கட்டத் தெரிஞ்சவன் எத்தன பேருடா?"

"தெரியலண்ணே. கணக்குல நான் வீக்கு."

"மகாராஜா கூடாரமாம்! இந்த எழுத்தக் காட்டித்தான்டா பத்து வருசம் என்னைய பால் டின்னோட வெளிய நிக்க வச்சானுங்க. ஆபீசருங்க மட்டும். மழையிலயும் அங்கதான் நிப்பேன். கட்டில விட்டுட்டு இத ஏன் வாங்கினேன்னு நெனச்சே?"

அண்ணன் வைக்கோலைத் தட்டிச் சரிசெய்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"என்ன வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, ஆபீசர்."