முதலில் கேட்க வேண்டிய கேசட்

என் மகனின் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் பெரிய ராக் கிடார்க்காரரைப் புதிதாகக் கேட்கிறவர்கள் எதிலிருந்து தொடங்க வேண்டும்? கைப்பேசியில் தட்டினால் அவர் வாசித்தது அத்தனையும் வந்து கொட்டுகிறது. எதை முதலில் கேட்பது என்றுதான் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நானும் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீட்டில் பிறந்தவளுக்கு இதில் என்ன தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். பத்து வயதிலேயே எனக்கு அந்த வரிசை மனப்பாடம். பதினாறாம் வாய்ப்பாடு இன்றுவரை வரவில்லை, அது வேறு விஷயம்.

வரிசையைச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துத் தேயிலை ஆலையில் இன்ஜின் பார்க்கிற வேலை அவருக்கு. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, எங்கள் வீட்டில்தான் படுக்கை. கொழும்பிலிருந்து தோட்ட நிர்வாகத்துக்கு வந்திருந்த சின்னதுரையின் மோட்டார் சைக்கிள் மாதம் இரண்டு முறையாவது மலைப்பாதையில் படுத்துவிடும். ஒவ்வொரு முறையும் மாமாதான் அதை எழுப்பிக் கொடுப்பார். அந்தத் துரை வேலையை விட்டுப் போனபோது, ரேடியோவும் சேர்ந்த ஒரு கேசட் செட்டையும் ஆறு கேசட்டுகளையும் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆறும் ஒரே ஆளுடையவை, அந்தக் கிடார்க்காரருடையவை.

லயத்தில் அப்போது கரண்ட் கிடையாது. செட்டுக்கு ஆறு பெரிய பேட்டரி வேண்டும். அவை சோர்ந்துபோனால் சுளகில் பரப்பி வெயிலில் வைப்போம். எங்கள் ஊரில் வெயிலை நம்பி எதுவும் செய்ய முடியாது என்பதால் பெரும்பாலும் அடுப்புப் பக்கத்தில்தான் வைப்போம். அம்மாவுக்கு அது அறவே ஆகாது. “சோத்துப் பானைக்கு எடமில்ல, ஒங்க மாமாவோட பேட்டரி குளிர்காயுது” என்று ஒரு கத்து கத்துவாள்.

மாமா வேலைக்குப் போன ஒரு சனிக்கிழமை நானே துணிந்து ஒரு கேசட்டைப் போட்டேன். அட்டையில் தீப்பிடித்த மாதிரி படம் இருந்தது, அதனால் அதைத் தெரிவு செய்தேன். ஐயையோ! பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த பெரியம்மா கூரைத் தகரம்தான் காற்றில் பறந்துவிட்டது என்று பதறி ஓடி வந்தார். நாய்கள் எல்லாம் குரைத்தன. அப்பா கொல்லைப் பக்கத்திலிருந்து, “யாருடா அது தகரத்த அறுக்கிறது?” என்றார். நான் செட்டின் மேல் கம்பளியைப் போட்டு மூடி, அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

அந்தியில் மாமாவுக்கு விஷயம் தெரிந்தது. அவர் திட்டவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னை இஸ்தோப்புத் திண்ணையில் உட்காரவைத்து, ஆறு கேசட்டையும் வரிசையாக அடுக்கினார்.

“புதுசா பேர் பதிஞ்ச புள்ளய மொத நாளே செங்குத்து மலைக்கா கொழுந்தெடுக்க அனுப்புவாங்க? தட்டையான மலையில விட்டுத்தானே பழக்குவாங்க. அது மாதிரிதான் இதும். நீ எடுத்த எடுப்புலயே உச்சி மலையில ஏறிட்ட.”

முதலில் கேட்க வேண்டியது, கிடார்க்காரர் தனியாக உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் வாசித்த கேசட். அது தட்டை மலை. இரண்டாவது, கூட்டாளிகள் இரண்டு பேரோடு வாசித்தது. அதில் கிடாரும் மேளமும் பேசிக்கொள்வதைக் கவனிக்க வேண்டும். மூன்றும் நான்கும் கேட்கிறவருக்குக் கொஞ்சம் காது பழகிய பிறகு. ஐந்தாவதுதான் நான் போட்டுவிட்ட தகரக் கேசட், பெரிய கூட்டத்துக்கு முன்னால் வாசித்தது. ஆறாவதை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தொட வேண்டும். அவர் செத்தபிறகு, மிச்சம் மீதி கிடந்ததை மற்றவர்கள் பொறுக்கிச் சேர்த்தது அது.

“செத்துட்டாரா?” என்றேன். அதுவரை அவர் கொழும்பில் எங்கோ இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

“நம்மகிட்ட வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே செத்துட்டாரு புள்ள. அதுக்கு என்ன? யாரு புதுசா கேட்டாலும் மொதல்ல இத குடு. இது புடிச்சிட்டா மத்தது தானா வரும்.”

முதல் கேசட்டை அன்று கேட்டேன். நடுவில் ஓர் இடத்தில் அவர் வாசிப்பை நிறுத்தி, மெல்லத் தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி தொடங்குவார். அந்தச் செருமல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நம் வீட்டு ஆள் போலச் செருமினார்.

இரண்டு அரசாங்கங்களும் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டபடி, அடுத்த வருஷம் மாமாவுக்கு இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கடதாசி வந்தது. தாத்தா உயிரோடு இருந்த காலத்தில் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டபோது மாமாவின் பெயரையும் சேர்த்திருந்தார். அம்மா அதற்குள் கல்யாணமாகி அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்துக்கு வந்துவிட்டாள், அந்தப் பத்திரம் இலங்கைக்குரியது. ஒரே அடுப்பில் சாப்பிட்ட அக்காவும் தம்பியும் இரண்டு தேசம் ஆனது இப்படித்தான். தாத்தா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆன பிறகும் அவர் வைத்த கைநாட்டு வேலை செய்துகொண்டிருந்தது. எனக்கு இதெல்லாம் விளங்கவில்லை. தீபாவளிக்கு வந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

போவதற்கு முன் ஒரு மாதம் மாமா ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். மஸ்கெலியாக் கடையில் ஒரு புது வெற்றுக் கேசட் வாங்கி வந்தார். விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் கேட்டால் செட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். மழை பெய்தால் செட்டை ஜன்னலில் வைப்பார். அம்மா அடுப்படியில் யாரையாவது ஏசத் தொடங்கினால், செட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பூனை மாதிரி வந்து நிற்பார்.

“என்னா மாமா புடிக்கிறீங்க?”

“ஒன்னுமில்ல புள்ள. செட்டு ஒழுங்கா வேல செய்யுதான்னு பாக்கிறேன்.”

நானும் நம்பினேன். இன்ஜின் பார்க்கிற ஆள், எதையாவது சோதித்துக்கொண்டேதான் இருப்பார்.

இந்தியாவுக்குப் போகிறவர் பெட்டியில் லயத்தின் ஒவ்வொரு வீடும் ஏதாவது ஒன்று வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தேயிலைத் தூள் பொட்டலம், சவர்க்காரம், கராம்பு, கோயில் விபூதி என்று வந்துகொண்டே இருந்தது. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா ஒரு போத்தல் தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து, “அங்கிட்டு எண்ணெ எப்பிடியோ, எவனுக்குத் தெரியும்” என்று சொல்லிப் பெட்டிக்குள் செருகிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனார். மாமா செட்டையும் ஆறு கேசட்டையும் எனக்கே விட்டுவிட்டார். அந்தச் சோதனைக் கேசட்டை மட்டும் ஒரு பழைய பனியனில் சுற்றி, பெட்டியின் மூலையில் வைத்தார்.

எல்லாரும் வைத்தாயிற்று. நான் மட்டும் எதுவும் வைக்கவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். மாமா புது ஊருக்குப் போகிறார். அங்கே புது ஆட்கள் கிடைப்பார்கள். அவர்களுக்குக் கிடார்க்காரரைக் கேட்கக் கொடுக்க வேண்டுமென்றால் முதல் கேசட் இல்லாமல் என்ன செய்வார்? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அம்மா தண்ணீர்ப் பீலிக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். ஒரு ஊசி நுழைய இடமில்லை. மூலையில் இருந்த பனியனைப் பிரித்து, சோதனைக் கேசட்டை எடுத்துவிட்டு, முதல் கேசட்டை அதே பனியனில் அதே மாதிரி சுற்றி வைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது முழுக்க அன்பு மட்டுமல்ல. ரேடியோப் பாட்டுப் பிடிக்க எனக்கு ஒரு வெற்றுக் கேசட் தேவையாக இருந்தது.

ஹட்டன் ஸ்டேஷனுக்கு எல்லாரும் போனோம். ரயிலின் ஒவ்வொரு பெட்டியிலும் யாரோ போகிறார்கள், ஒவ்வொரு ஜன்னலிலும் யாரோ தொங்கிக்கொண்டு அழுகிறார்கள். அம்மா அழவில்லை. ஜன்னல் வழியாக மாமாவின் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். கோச்சி நகர்ந்தபோதும் அந்தக் கை கொலரை விடவில்லை. அப்பாதான் பிடித்து இழுத்தார். நான் மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். பெட்டியைத் திறக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்ற நினைப்பிலேயே எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

மறுவாரம் சோதனைக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். மழை. கொஞ்சம் ஓட்டிப் போட்டேன், இன்னும் மழை. அப்புறம் தப்பு, கோழி, அம்மாவின் ஏச்சு. மழையை யாராவது கேசட்டில் பிடிப்பார்களா? அதுவும் எங்கள் தோட்டத்தில், வருஷத்தில் பாதி நாள் கொட்டுகிற மழையை? மாமாவுக்குப் பைத்தியம் என்று சிரித்துக்கொண்டே சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பதினாலு சினிமாப் பாட்டுப் பிடித்தேன். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ரேடியோ நிகழ்ச்சி முடிந்துவிட்டதால் கொஞ்சம் மிச்சம் விழுந்தது.

மூன்று மாதம் கழித்து மாமாவின் கடிதம் வந்தது. நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டினேன். எல்லாரையும் பெயர் பெயராக விசாரித்துவிட்டுக் கடைசியில் எனக்கு எழுதியிருந்தார். பெட்டியில் முதல் கேசட்டைப் பார்த்தாராம். நான் வைத்தது என்று உடனே தெரிந்துவிட்டதாம். கேட்பதற்கு இங்கே செட் இல்லை, இருந்தாலும் தலைமாட்டில் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். பனியனில் இருந்த மற்றது உன்னிடம் இருந்தால் பத்திரமாக வை, அதில் வீட்டுச் சத்தமெல்லாம் பிடித்திருக்கிறேன், யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு என்றும் எழுதியிருந்தார்.

நான் நிறுத்தினேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க அது?” என்றாள்.

“பாட்டுப் புடிச்சிட்டேம்மா.”

முதுகில் ரெண்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. “போடு பாப்போம்” என்றாள். போட்டேன். பதினாலு பாட்டையும் அசையாமல் கேட்டாள். கடைசிப் பாட்டு வெட்டுப்பட்டதும் மழைச் சத்தம் வந்தது. அதற்குள் அம்மாவின் குரல், “டேய் தம்பி, தேத்தண்ணி ஆறிப்போவுது, குடிச்சிட்டு என்னமோ செய்யி.” கிட்டத்தில் மாமாவின் சிரிப்பு, “இந்தா வாறேன்க்கா.” அவ்வளவுதான். அப்புறம் நாடா தீர்ந்து பொத்தான் டக்கென்று மேலே வந்தது. அம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

நான் மாமாவுக்குப் பதில் எழுதினேன். நீங்கள் விட்டுப்போனதை நான் வீணாக்கவில்லை, வெறும் மழைதான் இருந்தது, அதில் நல்ல நல்ல பாட்டாகப் பிடித்துவிட்டேன் என்று பெருமையாகவே எழுதினேன். மாமாவிடமிருந்து வந்த கடிதத்தில் அதைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது. “பரவாயில்ல புள்ள, என்னென்ன பாட்டுப் புடிச்ச?” பிறகு அவர் அந்தக் கேசட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. பேட்டரிக்கு அடுப்பில் இடமில்லை என்று கத்திய அம்மா, தானே அவற்றைத் துடைத்து அடுப்போரம் அடுக்கினாள். பறித்த கொழுந்தை எடை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து கால் கழுவியதும், “புள்ள, அந்தப் பாட்டுக் கேசட்டப் போடு” என்பாள். பாட்டு ஓடும்போது கீரை ஆய்வாள், அரிசியில் கல் பொறுக்குவாள். கடைசிப் பாட்டு நெருங்கினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். பாட்டுத்தான் முடிந்துவிட்டதே என்று நான் அணைக்கப் போனால், “அணைக்காத, ஓடட்டும்” என்று அதட்டுவாள். நாடா தீர்ந்து பொத்தான் எழும்பும்வரை அசையமாட்டாள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு நாள் உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில் மாமாவுக்கு எழுதினேன்: நான் பிடித்த பாட்டு அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது மாமா, கேசட் முடியும்வரை இடத்தை விட்டு எழும்புவதே இல்லை.